“இணைத்தால் போதும்” என்று எழுதியவர்களுக்கு

வோல்டேஜைக் குறைத்துத் தரும் சர்க்யூட்டின் மூளையான கன்ட்ரோலர் சிப் ஒன்றை மட்டும் ஓட்டுவதற்கு, அதைத் தயாரிப்பவர்கள் டேட்டாஷீட்டில் (சிப்பின் விவரக்குறிப்பில்) பக்கம் பக்கமாகச் சமன்பாடுகள் தருகிறார்கள். தலா இரண்டு ஃபேஸ் (முறைவைத்து மாறிச் சுமையைப் பகிரும் கிளைகள்) கொண்ட இரண்டு கன்ட்ரோலர்களைச் சேர்த்து நான்கு ஃபேஸாக ஓட்டுவது எப்படி என்று தேடினால், ஒத்த கால்களை (பின்களை) ஒன்றோடொன்று இணைத்தால் போதும் என்ற ஒற்றை வரியோடு கடையை மூடிவிடுகிறார்கள். அந்த வரியை எழுதியவரைக் காட்பாடிக்கு வரவழைத்து, கத்திரி வெயிலில், மின்விசிறியும் நின்றுபோன நேரத்தில், எங்கள் மேசையில் உட்கார வைத்து இணைக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

ராணிப்பேட்டை சிப்காட்டில் உள்ள ஓர் ஆலைக்கு வேண்டியது, 48 வோல்ட் பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டில் 80 ஆம்பியர். டூட்டி, அதாவது ஒவ்வொரு சுழற்சியிலும் ஸ்விட்ச் ஆனில் இருக்கும் பங்கு, ஏறத்தாழ 25 சதவீதம் என்பதால், நான்கு ஃபேஸ்களும் 90 டிகிரி இடைவெளியில் மாறினால் காயில்களின் ரிப்பிள் (கரன்ட்டின் ஏற்ற இறக்கம்) ஒன்றையொன்று கிட்டத்தட்ட முழுமையாக அழித்துவிடும். இவ்வளவு தோதான கணக்கு எப்போதும் அமைவதில்லை. ஆனால் இரண்டாவது சிப்புக்குத் தாளம் கொடுக்க முதல் சிப் வெளியே அனுப்பும் கிளாக் எத்தனை டிகிரி தள்ளி வரும், அதைத் தீர்மானிக்கும் காலைக் கிரவுண்டில் கட்டுவதா அல்லது மிதக்க விடுவதா என்பது ஓர் அட்டவணையின் அடிக்குறிப்பில் ஒளிந்துகிடக்கிறது. அது கண்ணில் படாவிட்டால் இரண்டு சிப்களும் 0, 180 டிகிரி என்று ஒரே தாளத்தில் மாறும்; நான்கு ஃபேஸுக்குக் காசு கொடுத்தவனுக்கு இரண்டு ஃபேஸின் பலன்தான் கிடைக்கும். கிளாக்கை இணைக்காமலே விட்டாலோ, ஒன்று 300 கிலோஹெர்ட்ஸிலும் மற்றொன்று 306 கிலோஹெர்ட்ஸிலும் ஓட, இடையிலுள்ள 6 கிலோஹெர்ட்ஸ் வித்தியாசம் காதில் சீட்டியடிக்கும்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம்; கரன்ட் பங்கீட்டைப் பற்றிய மௌனத்தை மன்னிக்கவே முடியாது. சிப் ஒப்பிட்டுப் பார்க்கும் ரெஃபரன்ஸ் வோல்டேஜில் ஒரு சதவீதம், ரெசிஸ்டர்களில் இன்னொரு சதவீதம் என்று பிசகும்போது, ஒரு சிப் 12.1 வோல்ட்டையும் மற்றது 11.9 வோல்ட்டையும் சரியென்று நம்புகிறது. பிறகு, ஒரே நுகத்தில் பூட்டிய இரு மாடுகளில் ஒன்று முன்னும் மற்றது பின்னும் இழுப்பதுபோல, ஒன்று கரன்ட் லிமிட் வரை சுமக்க, எதிர்க்கரன்ட்டை அனுமதிக்கும் மோடில் இருக்கும் மற்றது அந்தக் கரன்ட்டையே உறிஞ்சி உள்ளீட்டுப் பக்கம் திருப்பி அனுப்புகிறது. சில சிப்களில் வெளியீட்டு வோல்டேஜைக் கவனிக்கும் ஃபீட்பேக் காலை, இரண்டாவது சிப்பில் மட்டும், அதன் உள் சப்ளையோடு கட்டி, வோல்டேஜின் பிசகைத் திருத்தும் எரர் ஆம்ப்ளிஃபையரை அணைக்க வேண்டும். வேறு சிலவற்றில் ஃபீட்பேக் கால்கள், அந்த ஆம்ப்ளிஃபையரின் வெளியீடான காம்ப் கால்கள் எல்லாவற்றையும் ஒன்று சேர்க்க வேண்டும். நம் கையில் இருப்பது எந்த வகை என்று அந்த ஒரு வரி சொல்வதில்லை.

தொடக்கத்தில் வோல்டேஜை மெல்ல ஏற்றும் சாஃப்ட் ஸ்டார்ட் கால்களைச் சேர்த்தால் இரண்டு சிப்களின் சார்ஜிங் கரன்ட்டும் ஒரே கெப்பாசிட்டருக்குள் பாய்ந்து நேரம் பாதியாகிவிடும் என்பதையும் நாமேதான் கணக்கிட வேண்டும். சிப்பை இயக்கி அணைக்கும் எனேபிள் கால்களைச் சேர்க்காவிட்டால், சூட்டில் ஒரு சிப் அணைந்ததும் மற்றது 80 ஆம்பியரையும் தன் தலையில் ஏற்றிக்கொள்ளப் பார்க்கும்.

விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டால் டெமோ போர்டை (சோதித்துப் பார்க்கும் மாதிரிப் பலகையை) வாங்கிப் பார்க்கச் சொல்கிறார். அதில் இருப்பதோ ஒரே ஒரு சிப். இரண்டு போர்டுகளை வாங்கிக் கம்பியால் காம்ப் கால்களைச் சேர்த்து, அந்தக் கம்பி வழியாக இரைச்சல் ஏறி எல்லாம் தடுமாறும்போது மட்டும், உங்கள் லேஅவுட்டைச் சரிபாருங்கள் என்ற பதில் அன்றைக்கே வந்துவிடுகிறது.