வேலை பெர்மிட்டுக்கு வயலை ஈடு வைக்க முதல்

காலபோக அறுவடை முடிஞ்ச கையோடை எங்கடை பக்கம் ஒரு கதை தொடங்கும். நெல் வித்த காசு கையிலை இருக்கும், படிச்சு முடிச்ச பிள்ளை வேலையில்லாமல் வீட்டிலை நிக்கும். அந்த நேரம் பாத்து ஆரோ ஒருத்தர் வந்து, "கனடாவுக்கு வேர்க் பெர்மிட் எடுத்துத் தரலாம், எல்.எம்.ஐ.ஏ.க்கு இத்தனை லட்சம் முற்பணம், மிச்சம் விசா குத்தினாப் பிறகு" எண்டு சொல்லுவார். விசுவமடுவிலையும் இதே கதைதான், மல்லாவியிலையும் இதே கதைதான். பிறகு நகை அடகுக்குப் போகும், வயல் ஈட்டுக்குப் போகும், அதுவும் காணாட்டில் நாளுக்கு நாள் ஏறுற மீற்றர் வட்டி.

எனக்குத் தெரிஞ்சதைப் பட்டெண்டு சொல்லிப்போடுறன். எல்.எம்.ஐ.ஏ.க்கு, அதாவது வெளிநாட்டு ஆளை எடுக்க முதலாளி வாங்கிற அரசாங்க அனுமதிக்கு எண்டு, உங்களிட்டை ஒருத்தர் காசு கேட்டால், அந்த இடத்திலையே கனடாச் சட்டம் மீறப்பட்டிட்டுது. கடதாசி உண்மையோ பொய்யோ எண்டு பாக்கிறது அதுக்குப் பிறகு.

எல்.எம்.ஐ.ஏ. எண்டது தொழிலாளி எடுக்கிற கடதாசி இல்லை. வெளிநாட்டிலை இருந்து ஆள் எடுக்க விரும்புற முதலாளி, "இந்த வேலைக்கு இஞ்சை ஆள் தேடினன், கிடைக்கேல்லை" எண்டு அந்த நாட்டு அரசாங்கத்துக்குக் காட்டி வாங்கிற அனுமதி அது. பொதுவா நாலு கிழமையாவது விளம்பரம் போட்டு ஆள் தேடியிருக்க வேணும், அந்த வேலைக்குரிய சம்பளத்தைக் குடுக்க ஒப்புக்கொள்ள வேணும். ஒரு வேலையிடத்துக்கு 1,000 கனடா டொலர் கட்டணம். அதை முதலாளிதான் கட்ட வேணும், தொழிலாளியிட்டை இருந்து எந்த வழியாலையும் திருப்பி அறவிடக்கூடாது. நடுவிலை நிண்டு ஆள் பிடிச்சுக் குடுக்கிறவரும் அறவிடக்கூடாது. குறைந்த சம்பளப் பிரிவிலை எடுக்கிற ஆள் எண்டால் போக வர விமான டிக்கெட்டே முதலாளியின்ரை பொறுப்பு. மாகாண மருத்துவக் காப்புறுதி கிடைக்கும் வரைக்கும் தனியார் காப்புறுதியும் அவர்தான் எடுத்துக் குடுக்க வேணும்.

அப்ப தொழிலாளி கட்டுறது என்ன? வேலை அனுமதி விண்ணப்பத்துக்கு 155 டொலர், கைவிரல் அடையாளத்துக்கு 85 டொலர். மருத்துவப் பரிசோதனை தனி. இந்தக் கணக்கை அந்த லட்சங்களுக்குப் பக்கத்திலை வைச்சுப் பாருங்கோ. மிச்சக் காசு ஆற்றை பொக்கற்றுக்குப் போகுது?

அந்தப் பெர்மிட் என்ன மாதிரியானது எண்டு வன்னிச் சனத்துக்குச் சொல்லி விளங்கப்படுத்தத் தேவையில்லை. எங்களிலை எத்தினை பேர் அரசாங்கம் தந்த பெர்மிட் காணியிலை இருக்கிறம். அதிலை ஒருத்தற்றை பேர் இருக்கும், நிபந்தனை இருக்கும், பிரதேச செயலற்றை அனுமதி இல்லாமல் கைமாத்தேலாது. எல்.எம்.ஐ.ஏ.யாலை வாற வேலை அனுமதியும் அப்பிடித்தான். எந்த முதலாளி, என்ன வேலை எண்டது அதிலையே எழுதியிருக்கும். "போய் இறங்கினாப் பிறகு விரும்பின இடத்திலை வேலை செய்யலாம்" எண்டு தரகர் சொன்னால் அது பச்சைப் பொய்.

இன்னொரு பொய், "விசிற்றிலை போ, அங்கை நிண்டு பெர்மிட்டா மாத்தலாம்." கொரோனாக் காலத்திலை, 2020 ஓகஸ்ட்டிலை கொண்டுவந்த ஒரு தற்காலிகச் சலுகை அது. 2024 ஓகஸ்ட் 28ஆம் திகதியோடை நிப்பாட்டிப்போட்டினம். அதுக்கு அடுத்த மாதம் இன்னொரு கதவும் இறுகிச்சுது. வேலையில்லாதோர் வீதம் 6 சதவீதமோ அதுக்கு மேலையோ இருக்கிற பெருநகரங்களிலை, குறைந்த சம்பள எல்.எம்.ஐ.ஏ. விண்ணப்பத்தைப் பொதுவா எடுக்கிறதேயில்லை. விவசாயம், கட்டடம், மருத்துவமனை மாதிரிச் சில துறைகளுக்குத்தான் விலக்கு. எங்கடை ஆக்கள் நிறைஞ்சிருக்கிற டொரொன்டோவும் அந்தப் பட்டியலுக்குள்ளை வந்தது. அதாலை "டொரொன்டோவிலை கடை வேலை, எல்.எம்.ஐ.ஏ. றெடி" எண்டு வாற வாட்ஸ்அப் செய்தியைக் கண்டால் முதலிலை சந்தேகப்படுங்கோ. நிரந்தர வதிவிடத்துக்குப் புள்ளி கிடைக்கும் எண்டு சொல்லி வித்ததும் முடிஞ்சுது. வேலை வாய்ப்புக் கடிதத்துக்குக் குடுத்த புள்ளியை 2025 மார்ச் 25 இலை எடுத்துப்போட்டினம்.

லண்டன், அதாவது பிரித்தானியாக் கதை இதைவிட மோசம். முதியோர், நோயாளர் பராமரிப்பு வேலைக்கு எண்டு எங்கடை பிள்ளையள் கனபேர் போச்சினம். அங்கை அரசாங்கத்திட்டை ஸ்பொன்சர் லைசென்ஸ் எடுத்த நிறுவனம்தான் வெளிநாட்டு ஆளை எடுக்கலாம். ஒவ்வொரு ஆளுக்கும் சி.ஓ.எஸ். எண்ட ஸ்பொன்சர் சான்றிதழ் குடுக்க வேணும். அந்தச் சான்றிதழின்ரை கட்டணமும், அதோடை கட்ட வேண்டிய திறன் வரியும் நிறுவனத்தின்ரை செலவு, தொழிலாளியின்ரை தலையிலை கட்டேலாது. நடந்தது என்னெண்டால் சி.ஓ.எஸ்.ஸே சந்தைச் சாமானாப் போச்சுது. 2022 நடுப்பகுதியிலை இருந்து 2024 முடிவு வரைக்கும் 470க்கு மேற்பட்ட பராமரிப்பு நிறுவனங்களின்ரை லைசென்ஸை அந்த நாட்டு உள்துறை பறிச்சது. நிறுவனம் செய்த பிழைக்கு அங்கை நிக்கிற பிள்ளைக்கு என்ன நடக்கும்? வழமையா 60 நாள் தவணை. அதுக்குள்ளை வேறை ஸ்பொன்சர் தேட வேணும், இல்லாட்டி வெளிக்கிட வேணும். இஞ்சை தாய் தகப்பன் வட்டி கட்டிக்கொண்டிருப்பினம்.

2025 ஜூலை 22க்குப் பிறகு வெளிநாட்டிலை இருந்து பராமரிப்பு வேலையாளைப் புதுசா எடுக்கிற வழியையே மூடியாச்சு. இதுக்குப் பிறகும் "கெயார் சி.ஓ.எஸ்." எண்டு விலை பேசிறவருக்கு ஒரு சதமும் குடுக்காதேங்கோ.

உண்மையிலை எங்கடை ஊரிலை இருந்து கூடுதலான ஆக்கள் போறது வளைகுடாவுக்கு. அங்கையும் சட்டம் இதைத்தான் சொல்லுது. சவூதித் தொழிற் சட்டத்தின்ரை 40ஆம் பிரிவு, ஆள் எடுக்கிற செலவும், இக்காமா எண்ட வதிவிட அனுமதியின்ரையும் வேலை அனுமதியின்ரையும் கட்டணங்களும் முதலாளிக்குரியது எண்டு எழுதி வைச்சிருக்கு. ஐக்கிய அரபு எமிரேட்ஸின்ரை 2021 தொழிற் சட்டமும் ஆள் சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிட்டை அறவிடத் தடை போடுது. அனுமதி இல்லாத ஆளை வேலைக்கு வைச்சிருக்கிற முதலாளிக்கு அங்கை ஒரு லட்சம் திர்ஹாமிலை இருந்து பத்து லட்சம் திர்ஹாம் வரைக்கும் தண்டம். விசிற் விசாவிலை கூட்டிக்கொண்டு போய் வேலைக்கு விடுற ஏஜென்ற் இந்த விபரத்தைச் சொல்லமாட்டார்.

இலங்கையிலை 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின்ரை லைசென்ஸ் இல்லாமல் ஆரும் ஆள் அனுப்பேலாது. அந்தப் பட்டியல் பணியகத்தின்ரை இணையத்தளத்திலை இருக்கு. சப் ஏஜென்ற் எண்டு வீடு வீடா வாறவரின்ரை பேர் அதிலை இராது. உங்கடை பிரதேச செயலகத்திலை வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கெண்டு ஒரு அபிவிருத்தி உத்தியோகத்தர் இருக்கிறார். பணியகத்தின்ரை 1989 எண்ட தொலைபேசி இலக்கத்துக்கு அடிச்சும் கேக்கலாம். கொரியாவுக்கு எண்டால் அரசாங்கமும் அரசாங்கமும் செய்யிற ஏற்பாடு, மொழிப் பரீட்சை எழுதிப் போறது. அதிலை தனியார் ஏஜென்ற்றுக்கு இடமேயில்லை.

இனி எனக்கு உண்மையாக் கோபம் வாற இடத்துக்கு வாறன்.

எல்.எம்.ஐ.ஏ. விக்கிறவை எல்லாரும் வேத்து ஆக்கள் இல்லை. கனடாவிலை கடையும் கொம்பனியும் வைச்சிருக்கிற எங்கடை ஆக்களும் அதுக்குள்ளை இருக்கினம். ஒரே ஊர், ஒரே கோயில், சிலவேளை ஒரே குடும்பம். "காசு குடுத்தாலும் பிள்ளை போய்ச் சேந்திட்டான்தானே, உதவிதானே செய்தவர்" எண்டு சொல்லுற சனத்தையும் கண்டிருக்கிறன். அந்தச் சனத்தை நான் குறை சொல்லேல்லை. யுத்தம் முடிஞ்சு இத்தினை வரியத்துக்குப் பிறகும் கிளிநொச்சியிலை, முல்லைத்தீவிலை படிச்ச பிள்ளைக்கு ஏற்ற வேலை இல்லையெண்டால் ஆக்கள் வழி தேடத்தான் செய்வினம். ஆனால் இதை உதவி எண்டு சொல்ல என்னாலை ஏலாது. களவாக் காசு குடுத்துப் போன பிள்ளை வாய் திறக்கப் பயப்பிடும். ஒப்பந்தத்திலை எழுதின சம்பளம் ஒண்டு, கைக்கு வாறது வேறையெண்டாலும் பேசாது. சம்பளம் வங்கிக்கு வந்த பிறகு ஒரு பங்கை முதலாளிக்குக் காசாத் திருப்பிக் குடுக்கச் சொன்னாலும் குடுக்கும். துன்புறுத்தலுக்கு ஆளான தொழிலாளி அந்த முதலாளியை விட்டு விலகித் திறந்த வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கிற ஏற்பாடு 2019 இலை இருந்து கனடாவிலை இருக்கு. தானும் காசு குடுத்த குற்றவாளி எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிற பிள்ளை அந்தப் பக்கமே போகாது. முதலாளிக்கு வேண்டியதும் அந்தப் பயம்தான்.

கடை, பேக்கரி, கட்டட வேலை எண்டு உண்மையா ஆள் தேவைப்படுற அண்ணைமார், அக்காமாரிட்டை ஒண்டு கேக்கிறன். விண்ணப்பத்தை நீங்களே போடுங்கோ. அந்த 1,000 டொலரை நீங்களே கட்டுங்கோ, உங்கடை வியாபாரத்துக்கு அது தாங்கும். கையெழுத்து வைச்ச ஒப்பந்தத்தின்ரை பிரதியைப் பிள்ளைக்குக் குடுக்க வேணும் எண்டு 2022 செப்டெம்பரிலை இருந்து சட்டமாயும் இருக்கு. அதோடை தமிழிலை ஒரு பக்கம் எழுதி அனுப்புங்கோ: மணித்தியாலத்துக்கு எவ்வளவு, கிழமைக்கு எத்தினை மணித்தியாலம், தங்கிற இடம் எது, வாடகை ஆர் கட்டுறது.

இஞ்சை இருக்கிற ஆக்களுக்கு: ஆரும் கடிதம் காட்டினால் அதிலை இருக்கிற முதலாளியின்ரை பேரைத் தேடிப் பாருங்கோ. லண்டன் ஸ்பொன்சர்மாரின்ரை பட்டியல் எல்லாருக்கும் திறந்து கிடக்கு. எல்.எம்.ஐ.ஏ. கிடைச்ச முதலாளிமாரின்ரை பட்டியலையும், சட்டம் மீறித் தண்டம் வாங்கினவையின்ரை பட்டியலையும் கனடா அரசாங்கம் வெளியிடுது. பேர் பட்டியலிலை இருந்தாலும் தரகர் தந்த நம்பருக்கு அடிக்காமல், நிறுவனத்தின்ரை சொந்த நம்பரைத் தேடி எடுத்து அடிச்சுக் கேளுங்கோ. ஆங்கிலத்திலை இருக்கிறது விளங்காட்டில் எனக்கு இன்பொக்ஸிலை அனுப்புங்கோ, வாசிச்சுச் சொல்லுறன், காசு வேண்டாம். வயலை ஈடு வைக்க முதல் அனுப்புங்கோ.