முதலில் மடை, அப்புறம் கான்கிரீட்

கண்மாய் வாய்க்கால்களுக்கு கான்கிரீட் போட்டு, சொட்டுநீரும் கொண்டுவந்தால் ராமநாதபுரத்தில் தண்ணீர் மிச்சமாகும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. நல்லதுதான், ஆனால் முதலில் பார்க்க வேண்டியது மடையை, அதாவது கண்மாய்த் தண்ணீரைத் திறந்துவிடும் வாயிலை. எங்கள் மாவட்டத்து ஆர்.எஸ்.மங்கலம் கண்மாயை ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை’ என்பார்கள். அப்படி மடை வைத்துப் பங்கிட்ட சீமை இது. இன்று எங்கள் பக்கம் மடைப்பலகை உளுத்து, இடுக்கில் சாக்கும் வைக்கோலும் திணித்துத்தான் தண்ணீரை நிறுத்துகிறோம். ராத்திரி முழுக்கக் கசிந்து வேண்டாத வயலில் போய் நிற்கிறது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் வாய்க்கால் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரருக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. நல்ல ஷட்டரும், அதை முறையாகத் திறந்து மூட நீர்பாய்ச்சி என்ற ஓர் ஆளும் வேண்டும். அப்புறம் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் மண்டிய சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் எங்களுக்கு எல்லாம். அது கண்மாய்க்குள் வராமல் கடலுக்குப் போனால் எதைச் சிக்கனம் பண்ணுவது?

மிளகாய்க்குச் சொட்டுநீர் கட்டாயம் வேண்டும். ஆனால் கடலோரத்தில் பல இடங்களில் போர் போட்டால் உப்புத்தண்ணீர்தான். குழாயில் தண்ணீர் சொட்டும் துளையில் உப்பு வெள்ளையாகப் படிந்து அடைத்துக்கொள்ளும், மண்ணும் கெடும். பண்ணைக்குட்டையில் பிடித்த மழைநீர் இருந்தால்தான் முண்டு மிளகாய் கடைசிப் பறிப்பு வரை தாங்கும். குழாய் கொடுக்கும்போதே குட்டையும் வெட்டிக் கொடுங்கள்.