ஒரு வரியில் எழுதிவிட்டால் ஆயிற்றா?

வீட்டில் பியர் செய்யக் குறிப்பு எழுதுகிறவர்களே, முதல் தடவை செய்கிற ஒருவரிடம் அதைக் கொடுத்துப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? எனக்கு வயிறு எரிகிறது.

மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த தானியத்தின் சாரத்தைக் கரைத்து நான்கு தடவை பியர் செய்திருக்கிறேன். இந்த முறை முழுத் தானியத்தில், அதாவது மால்ட்டை உடைத்து ஊறவைத்து, சர்க்கரையை நாமே இறக்கிச் செய்யலாம் என்று ஆசைப்பட்டேன். குறிப்பில் ஒரே வரி: ‘5 கிலோ மால்ட்டை 15 லிட்டர் தண்ணீரில், 66 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவிடவும்.’ சரி என்று தண்ணீரை 66க்குக் காய்ச்சி மால்ட்டைக் கொட்டினேன். தெர்மாமீட்டர் 61க்கு இறங்கிவிட்டது. இறங்காமல் என்ன செய்யும்? ஆறிக் கிடந்த 5 கிலோ தானியம் சூட்டை இழுக்காதா? தண்ணீர் 72 டிகிரி இருந்திருக்க வேண்டும். இந்த ஒரு எண்ணை எழுத ஏன் கை வரவில்லை?

பதறிப்போய் அடுப்பைக் கூட்டினேன். அடியில் 74, மேலே 63. ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையைப் பெரும்பாலும் உண்டாக்கித் தருவது பீட்டா அமைலேஸ் என்ற நொதி. 70ஐத் தாண்டினால் அது சீக்கிரமே செத்துப்போகும். அதைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை.

அடுத்தது வடிப்பது. ‘மால்ட்டை நன்றாகப் பொடிக்கவும்’ என்று எழுதியிருந்தார்கள், நன்றாகவே பொடித்தேன். குழாயைத் திறந்தால் ஒரு டம்ளர் கலங்கலாக வந்தது, அப்புறம் நூலாக இழுத்தது, அப்புறம் சொட்டுச் சொட்டாக, அப்புறம் அதுவும் நின்றது. உமி முழுசாக இருந்தால்தான் அதுவே சல்லடையாக நின்று வோர்ட்டை, அதாவது மால்ட் ஊறிய இனிப்புத் தண்ணீரை வடியவிடும். உமியும் மாவாகிவிட்டால் அடியில் களிமண்போல் அப்பிக்கொள்ளும். தானியம் பிளந்தால் போதும், பொடிக்கவே கூடாது! கரண்டியை விட்டுக் கிளறினேன். எலுமிச்சை அளவு உருண்டைகள் மேலே வந்தன, உடைத்தால் உள்ளே நனையாத வெள்ளை மாவு. கொட்டும்போதே கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளறியிருக்க வேண்டும். கடைசியில் எல்லாவற்றையும் துணியில் அள்ளி, மேலும் சுடுதண்ணீர் ஊற்றி அலசிப் பிழிந்தேன். விரல் சுட்டது, முழங்கை வரை பிசுபிசுப்பு. பிழிய முடியாத சர்க்கரை தானியத்தோடு குப்பைக்குப் போயிற்று.

தண்ணீர்க் கணக்கும் அப்படித்தான். ஒரு கிலோ மால்ட் ஏறக்குறைய ஒரு லிட்டரைக் குடித்துவிடும், அது திரும்பி வராது. அப்படியானால் 5 லிட்டர் போய்விடும், வடித்த வோர்ட்டை ஒரு மணி நேரம் கொதிக்கவைப்பதில் இன்னும் சில லிட்டர். கொதி பொங்கி அடுப்பெல்லாம் வழிந்ததைத் தனியாகச் சொல்லவே வேண்டாம்.

சர்க்கரை எவ்வளவு இறங்கியது என்று அடர்த்தியை வைத்துக் காட்டும் ஹைட்ரோமீட்டரைச் சுடச்சுட வோர்ட்டில் விட்டேன், எண்ணைப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. அந்தக் கருவி 20 டிகிரிக்கு அளவு குறித்தது. சூடான வோர்ட்டில் அடர்த்தியைக் குறைத்துத்தான் காட்டும். இதையும் நானேதான் தேடிக் கண்டுபிடித்தேன். ஆறவைத்து அளந்தபோது 1.040. குறிப்பில் சொன்னது 20 லிட்டர், 1.052. என் கைக்கு வந்தது 17 லிட்டர்.

மால்ட் மேல் எனக்குக் கோபமில்லை. அது ஊறும்போது எழுந்த வாசனைக்காகவே இன்னொரு தடவை செய்வேன். ஆனால் அந்தக் குறிப்பின் தலைப்பிலேயே ‘மொத்தம் 4 மணி நேரம்’ என்று போட்டிருக்கிறார்கள். நான் அடுப்பைப் பற்ற வைத்தது காலை 9 மணிக்கு. கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தபோது இரவு 8.