வெடித்தால் தோல்வி என்றே சொல்வோம்

ஒரு சோதனை ராக்கெட் வெடித்துச் சிதறினால் அதைத் தோல்வி என்று சொல்வதில் எந்தத் தவறும் இல்லை. ஆனால் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ராட்சத ராக்கெட்டான ஸ்டார்ஷிப்பின் ரசிகர்கள் ஒவ்வொரு முறையும் "டேட்டா கிடைச்சிடுச்சு, அதனால வெற்றிதான்" என்று எழுதிவிட்டு அடுத்த பறப்புக்குக் காத்திருக்கப் போய்விடுகிறார்கள். நானும் ரசிகன்தான். இதற்காக விடியற்காலையில் அலாரம் வைத்து எழுந்து உட்காருகிற ஆள். டேட்டா கிடைக்கிறது என்பதும் உண்மைதான். ஆனால் அந்த ஒரே வரியைச் சொல்லி எல்லா வெடிப்பையும் ஒரே கணக்கில் எழுதிவிடுகிறோம். எவ்வளவு கவனமாக இருந்தாலும் தவிர்க்க முடியாத தோல்வி ஒரு வகை. முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டிய தோல்வி வேறு வகை. இந்த ராக்கெட்டில் நாளைக்கு மனிதர்கள் ஏறப்போகிறார்கள் என்பதால் இந்த வித்தியாசத்தில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

முதல் பறப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரல் 20. டெக்சஸின் தென்கோடியில் போக்கா சிக்கா கடற்கரை. சுமார் 120 மீட்டர் உயர ராக்கெட், அடியில் 33 ராப்டர் எஞ்சின்கள். மனிதர்கள் அதுவரை பறக்கவிட்ட ராக்கெட்டுகளிலேயே பெரியது. இவ்வளவு நெருப்பைக் கக்கும் ஒன்றை நிறுத்தியிருந்த ஏவுதளத்தில் நெருப்பைத் திசைதிருப்பும் பள்ளம் கிடையாது, தண்ணீரைப் பீய்ச்சித் தணிக்கும் அமைப்பும் கிடையாது. வெறும் கான்கிரீட் தரை. எஞ்சின்கள் பற்றி எரியத் தொடங்கிய சில நொடிகளில் அந்தத் தரை பெயர்ந்து, பாளம் பாளமாகப் பறந்து கடலில் விழுந்தது. படம் பிடிக்கக் கேமராக்களோடு நிறுத்தியிருந்த ஒரு வேனின் பின்பக்கத்தை ஒரு துண்டு வந்து நொறுக்கிய வீடியோ இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுமார் 10 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் போர்ட் இசபெல் ஊரில் மணலும் புழுதியும் பொழிந்தன.

ராக்கெட் மேலே போய்க் கட்டுப்பாடு இழந்து சுழன்றது. தன்னைத்தானே அழித்துக்கொள்ளக் கட்டளை போனது. உடனே சிதற வேண்டிய ராக்கெட் சுமார் 40 நொடி கழித்துத்தான் சிதறியது. என்னைப் பொறுத்தவரை அன்றைக்கு நடந்ததிலேயே மிக மோசமான விஷயம் இந்த 40 நொடிதான். தரையில் இருப்பவர்களுக்குக் கடைசிப் பாதுகாப்பே அந்த அமைப்புதான். அது சொன்ன நேரத்தில் வேலை செய்யவில்லை.

மறுநாளே ஈலான் மஸ்க் எழுதியதைப் படித்தால் எனக்கு ஏன் ஆற்றாமை என்று புரியும். ஏவுதளத்துக்கு அடியில் வைக்க, நீர் பாய்ச்சிக் குளிர்விக்கும் பெரிய எஃகுத் தகடு ஒன்றை மூன்று மாதம் முன்பே செய்யத் தொடங்கிவிட்டார்களாம். அது சரியான நேரத்தில் தயாராகவில்லை. ராக்கெட்டைத் தரையில் கட்டி வைத்து எரித்த சோதனையின் அளவீடுகளை வைத்து, கான்கிரீட் ஒரு முறை தாங்கும் என்று தப்பாக நினைத்துவிட்டார்கள். ஆக, பிரச்சினையும் தெரியும், மருந்தும் தயாராகிக்கொண்டிருந்தது. காத்திருக்க மனம் இல்லை. கென்னடி விண்வெளி மையத்தில் 1960களிலேயே நெருப்புப் பள்ளம் வெட்டி வைத்திருக்கிறார்கள். இதில் புதிதாக என்ன கற்றுக்கொண்டோம்? அந்தப் பறப்புக்குப் பிறகு அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 63 திருத்தங்களைப் பட்டியலிட்டது.

இதற்கு நேர் எதிரானது 2024 ஜூன் 6ஆம் தேதி நடந்த நான்காவது பறப்பு. விண்வெளியிலிருந்து திரும்பும் கப்பல், அதாவது ராக்கெட்டின் மேல்பகுதி, காற்று மண்டலத்துக்குள் நுழைகிறது. வெளியே ஊதாவும் ஆரஞ்சுமாகப் பிளாஸ்மா. கேமரா ஒரு முன்பக்க மடலை, இறக்கை மாதிரி அசையும் பகுதியை, பார்த்தபடி இருக்கிறது. உடலும் மடலும் சேரும் கீல் பகுதியில் முதலில் ஒரு சின்ன ஒளிக்கோடு தெரிந்தது. அப்புறம் உலோகம் உருகித் துண்டு துண்டாகப் பிய்ந்து போக ஆரம்பித்தது. பறந்து வந்த துணுக்குகளில் கேமரா கண்ணாடியே விரிசல் விட்டது. போச்சு என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பாதி எரிந்த மடல் கடைசி நேரத்தில் சொன்னபடி அசைந்தது. கப்பல் நிமிர்ந்து, எஞ்சினை எரித்து, இந்தியப் பெருங்கடலில் மெதுவாக இறங்கியது. பார்த்துக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கீல் வழியாக வெப்பம் எவ்வளவு நுழையும் என்பதைக் கணினி ஓரளவுக்குத்தான் சொல்லும். அந்த வேகம், அந்த வெப்பம், அந்தக் காற்று மூன்றையும் சேர்த்துத் தரையில் உருவாக்க முடியாது, போய்த்தான் பார்க்க வேண்டும். அதிலும் வெப்பம் தாங்கும் ஓடுகளில் இரண்டை வேண்டுமென்றே கழற்றிவிட்டுத்தான் அனுப்பினார்கள், அந்த இடத்தில் எவ்வளவு சூடாகிறது என்று அளக்க. சோதனை என்றால் எனக்கு இதுதான். மடல் எரிந்ததைப் பார்த்த பிறகு, அடுத்த தலைமுறைக் கப்பலில் முன்மடல்களைச் சிறியதாக்கி, வெப்பம் நேராகத் தாக்காத பக்கம் தள்ளி வைத்தார்கள்.

2024 அக்டோபர் 13 பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர் நேரத்துக்குச் சாயங்காலம் ஆறு மணி வாக்கில், ராக்கெட்டின் கீழ்ப்பகுதியான சுமார் 70 மீட்டர் உயர பூஸ்டர் திரும்பி வந்து, ஏவுதளக் கோபுரத்தின் இரண்டு கைகளுக்கு நடுவே நின்றதை உலகமே பார்த்தது. ஆனால் பலர் கவனிக்காத ஒன்று. பிற்பாடு வெளியே வந்த பொறியாளர்களின் உரையாடலில் அவர்களே சொல்கிறார்கள்: ஓர் அழுத்த அளவுக்கான வரம்பைச் சரியாக அமைக்காததால், பிடிக்கும் முயற்சியைக் கைவிட்டுத் தரையில் போய் மோது என்று கணினி பூஸ்டருக்குச் சொல்ல ஒரு நொடிதான் மீதி இருந்தது. எல்லோரும் கைதட்டிய நாளைப் பற்றி இப்படி உட்கார்ந்து பேசிக்கொள்ளும் ஆட்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை. ஜெயித்த நாளில் எங்கே தோற்றிருப்போம் என்று தேடுகிறார்கள். அவர்களின் ரசிகர்கள் தோற்ற நாளில்கூட வெற்றியைத்தான் தேடுகிறார்கள்.

சரி, 2025க்கு வருவோம். ஜனவரி 16, ஏழாவது பறப்பு. பூஸ்டரைக் கோபுரம் மறுபடியும் பிடித்தது. மேலே போன கப்பல் எட்டரை நிமிடத்தில் சிதறியது. எரியும் துண்டுகள் கரீபியனில் டர்க்ஸ் அண்ட் கைகோஸ் தீவுகளின் வானத்தில் கோடு கோடாகப் போவதை ஆட்கள் போனில் படம் பிடித்துப் போட்டார்கள். எவ்வளவு அழகு என்று பகிர்ந்தவர்கள் ஏராளம். அதே நேரத்தில் அந்தப் பக்கம் பறந்துகொண்டிருந்த விமானங்கள் திருப்பிவிடப்பட்டன, வானத்திலேயே வட்டமடித்தன. எரிபொருள் குறைகிறது என்று சொன்ன விமானிகளும் உண்டு. தெற்கு கைகோஸ் தீவில் ஒரு வண்டிக்குச் சேதம்.

மார்ச் 6, எட்டாவது பறப்பு. கிட்டத்தட்ட அதே கட்டத்தில், அதே மாதிரி கப்பல் சிதறியது. இந்த முறை பஹாமாஸ் பக்கம். மியாமி, ஒர்லாண்டோ உட்பட புளோரிடா விமான நிலையங்களில் விமானங்களை நிறுத்தி வைத்தார்கள். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு என்று ஸ்பேஸ்எக்ஸ் விளக்கியது. ஏழாவதில், தரைச் சோதனையில் கண்டதைவிடப் பல மடங்கு வலுவான அதிர்வு வந்து, கசிவும் தீயும் உண்டானது. எட்டாவதில் நடு எஞ்சின் ஒன்றில் பழுது. நான் அந்த விளக்கத்தை நம்புகிறேன். ஆனால் விமானத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு, எரிகிற துண்டு எந்தக் காரணத்தால் வந்தது என்பதில் என்ன இருக்கிறது?

என் கோபம் இங்கேதான். போக்கா சிக்காவில் வேலை செய்கிறவர் ஆபத்தைத் தெரிந்தே ஒப்புக்கொண்டவர். கைகோஸ் தீவுக்காரர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை. ஒன்பதாவது பறப்புக்கு முன்னால்தான் விமானப் போக்குவரத்து நிர்வாகத்தினர் விமானங்களுக்கான ஆபத்து வளையத்தைக் கிட்டத்தட்ட இரண்டு மடங்காக்கினார்கள், நெரிசல் இல்லாத நேரத்தில் ஏவச் சொன்னார்கள். ஏழாவதுக்குப் பிறகே அதைச் செய்திருக்க வேண்டும்.

அந்த மே 27 பறப்பில் ஏற்கெனவே ஒரு முறை பறந்த பூஸ்டரைத் திரும்பப் பயன்படுத்தினார்கள். இவ்வளவு பெரிய பூஸ்டரில் அதுதான் முதல் முறை, பெரிய விஷயம். ஆனால் கப்பல் கட்டுப்பாடு இழந்து இந்தியப் பெருங்கடல் மேல் சிதறியது. ஜூன் 18 இரவு, பறக்கவே இல்லை, தரைச் சோதனைக்கு எரிபொருள் நிரப்பும்போதே இன்னொரு கப்பல் வெடித்தது. மூக்குப் பகுதியில் இருந்த உயர் அழுத்த நைட்ரஜன் குடுவை ஒன்று தாங்கவில்லை. நல்லவேளை, யாருக்கும் காயம் இல்லை. தங்கள் நாட்டுக் கரையில் சிதறிய குப்பையைக் காட்டி மெக்சிகோ அதிபர் ஷெயின்பாம் சட்ட நடவடிக்கை பற்றிப் பேச வேண்டி வந்தது. ஆகஸ்டிலும் அக்டோபரிலும் நடந்த பத்தாவது, பதினொன்றாவது பறப்புகள் அருமையாக முடிந்தன, மனதாரச் சொல்கிறேன். அதிலும் ஓடுகளை வேண்டுமென்றே கழற்றித்தான் அனுப்பினார்கள்.

தோல்வியைத் தோல்வி என்று சொல்லாமல் பழகிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாசாவின் ஸ்பேஸ் ஷட்டில் விண்கலத்தின் வரலாறு இருக்கிறது. நான்கே நான்கு சோதனைப் பறப்புகள், 1982இல் "தயார்" என்று அறிவித்துவிட்டார்கள். பக்க பூஸ்டர்களின் ரப்பர் வளையம் அரிக்கப்படுவது முன்பே தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறையும் விண்கலம் பத்திரமாகத் திரும்பியது. அதனால் அரிப்பே ஒரு சாதாரண விஷயமாகிவிட்டது. 1986 ஜனவரி 28, சேலஞ்சர். வெளித் தொட்டியிலிருந்து நுரைத் துண்டு உடைந்து விழுவதும் ஆரம்பத்திலிருந்தே நடந்துகொண்டிருந்தது. அதற்கும் பழகினார்கள். 2003 பிப்ரவரி 1, கொலம்பியா. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர். இரண்டும் சேர்த்து பதினான்கு உயிர். இரண்டு விபத்திலும் கோளாறு எச்சரிக்கை கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. போன முறை ஒன்றும் ஆகவில்லையே என்ற நினைப்பு அதைக் கேட்கவிடவில்லை.

சோவியத்தின் நிலவு ராக்கெட்டான என்1இன் கதை இன்னொரு மாதிரி. முதல் கட்டத்தில் 30 எஞ்சின்கள், அத்தனையையும் சேர்த்துத் தரையில் எரித்துப் பார்க்க ஒரு சோதனை மேடைகூடக் கட்டவில்லை. 1969இலிருந்து 1972 வரை நான்கு முறை ஏவினார்கள், நான்கும் தோல்வி. இரண்டாவது ராக்கெட் 1969 ஜூலை 3 அன்று ஏவுதளத்தின் மேலேயே விழுந்து வெடித்தது, அப்போலோ 11 கிளம்ப பதின்மூன்று நாள் இருக்கும்போது. அந்த ராக்கெட் இருந்ததையே சுமார் இருபது வருடம் வெளியே ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்பேஸ்எக்ஸ் தன் ராக்கெட் வெடிப்பதை நேரலையில் காட்டுகிறது, பிறகு காரணத்தையும் எழுதுகிறது. இந்த ஒரு குணத்துக்காக அவர்களை எவ்வளவு பாராட்டினாலும் தகும். இரண்டாவது பறப்பில் பூஸ்டர் வெடித்ததற்கு ஆக்சிஜன் வடிகட்டி அடைப்பு காரணமாக இருக்கலாம் என்றார்கள். மூன்றாவதிலும் அதே அடைப்பு தொடர்ந்தது என்று அவர்களே எழுதினார்கள். ஒரே கோளாறு இரண்டு முறை என்று ஒப்புக்கொள்ளத் தைரியம் வேண்டும்.

அவர்களே இதைவிட நிதானமாகச் செய்த வேலை ஒன்று உண்டு. தங்கள் சிறிய ராக்கெட்டான ஃபால்கன் 9இன் பூஸ்டரைத் தரையிறக்கக் கற்றுக்கொண்ட விதம். 2015 ஜனவரியில் ஹைட்ராலிக் எண்ணெய் தீர்ந்துபோய் படகில் மோதியது. ஏப்ரலில் இறங்கிச் சாய்ந்து வெடித்தது. டிசம்பர் 21 அன்று தரையில் நின்றது. மோதி வெடித்த அந்த இரண்டு முறையும் சரக்கு ஏற்கெனவே விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பிப் போயிருந்தது. எப்படியும் கடலில் விழப்போகிற பூஸ்டரை வைத்துப் பழகினார்கள். யாருக்கும் நஷ்டம் இல்லை, யார் தலைக்கு மேலும் துண்டுகள் விழவில்லை. இன்றைக்கு ஃபால்கன் பூஸ்டர்கள் 500 முறைக்கு மேல் தரையிறங்கிவிட்டன. ஒரே பூஸ்டர் 30 முறைக்கு மேல் பறந்திருக்கிறது. ஸ்டார்ஷிப்பில் அந்தப் பொறுமையை ஏன் கைவிட்டார்கள் என்று எனக்கு வருத்தம்தான். நாசா 2021இல் இதை நிலவில் மனிதர்களை இறக்கத் தேர்ந்தெடுத்தது. அதற்கு விண்வெளியில் ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்கு எரிபொருள் மாற்ற வேண்டும். 2025 முடியும்வரை அதை ஒரு முறைகூடச் செய்து காட்டவில்லை. அவசரம் புரிகிறது. ஆனால் கான்கிரீட் தரையில் ஏவியது அந்த அவசரத்தில்தான்.

இதையெல்லாம் நம்மோடு பொருத்திப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இஸ்ரோவின் அடுத்த தலைமுறை ராக்கெட்டுக்கு 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 8,240 கோடி ரூபாய் ஒதுக்கியது. முதல் கட்டத்தைத் திரும்ப இறக்கிப் பயன்படுத்தப்போகிறார்கள். அந்தத் தொகையில் அடங்குவது மூன்றே மூன்று சோதனைப் பறப்புகள். மூன்றில் ஒரு பூஸ்டரைத் தரையிறக்கக் கற்றுக்கொள்ள முடியும் என்று நான் நம்பவில்லை. 2025 நவம்பரில் புளூ ஆரிஜின் என்ற அமெரிக்க நிறுவனம் தன் நியூ கிளென் ராக்கெட்டின் பூஸ்டரை இரண்டாவது முயற்சியிலேயே படகில் இறக்கியது உண்மை. அதற்குப் பின்னால் சின்ன ராக்கெட்டில் பல வருடம் ஏற்றி இறக்கிப் பழகிய அனுபவம் இருக்கிறது. நம்மிடம் இருப்பது சித்ரதுர்காவில் ஹெலிகாப்டரிலிருந்து விட்டு ஓடுபாதையில் இறக்கிய புஷ்பக் விமானம். அது மூன்று முறையும் பிரமாதமாக இறங்கியது. ஆனால் நெருப்பின் மேல் நின்று செங்குத்தாக இறங்குவது வேறு வித்தை.

அதனால் இப்போதே கேட்டு வைக்கிறேன். சின்ன அளவில் செங்குத்தாக ஏறி இறங்கும் சோதனைகளுக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள், அதில் நாலைந்து நொறுங்கும் என்று நாடாளுமன்றத்திலேயே முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். 2025 மே 18 அன்று பிஎஸ்எல்வி சி61 மூன்றாம் கட்டத்தில் தோற்றது. அந்த வருடம் முடியும்வரை விசாரணை அறிக்கை பொதுவெளிக்கு வரவில்லை. 2021இல் ஜிஎஸ்எல்வி எஃப்10 தோற்றபோது வால்வுக் கசிவு என்று தெளிவாகக் காரணம் சொன்ன அதே நிறுவனம்தான். பழைய வழக்கத்துக்குத் திரும்புங்கள். முதல் பூஸ்டர் வங்கக் கடலில் போய் மோதும், அதை நேரலையில் காட்டுங்கள், சில மாதத்தில் காரணத்தையும் எங்கள் எல்லோருக்கும் சொல்லுங்கள். மீனவர்களுக்கு எந்தக் கடல் பகுதி, எந்த நேரம் என்று அதற்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும்.