கொடி பிடித்து நிற்பவருக்கு முன்னால் என்ன இருக்கிறது?

மாரி மழை ஓய்ந்து தை, மாசி பிறந்தால் எங்கள் பக்கத்தில் வீதி வேலைகள் தொடங்கிவிடும். வெள்ளம் அரித்த ஓரங்களுக்குக் கிரவல் போடுவார்கள், உடைந்த மதகுகளைத் திருத்துவார்கள், குழிகளுக்குச் சல்லி கொட்டித் தார் ஊற்றுவார்கள். பொத்துவிலில் இருந்து அக்கரைப்பற்று, கல்முனை, களுவாஞ்சிகுடி வழியாக மட்டக்களப்புக்கு வரும் ஏ4 வீதியில் போய்வருகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. "எப்பதான் முடிப்பாங்களோ" என்று முணுமுணுத்துக்கொண்டே கடந்துவிடுவோம். அந்த இடத்தில் வேலை செய்கிறவர்கள் என்ன பாதுகாப்போடு நிற்கிறார்கள் என்று பார்ப்பவர்கள் குறைவு. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓடி வருகிற வாகனத்துக்கும் வேலை செய்கிற ஆளுக்கும் நடுவில் போதிய தூரம் இருக்க வேண்டும், பாரமான ஏதாவது ஒன்றும் இருக்க வேண்டும். அதற்கான காசு, தாருக்கும் சல்லிக்கும் ஒதுக்குவது போலவே வேலையின் மதிப்பீட்டில் தனியாக ஒதுக்கப்பட வேண்டும். சிவப்புக் கொடி, பளிச்சென்ற ஜக்கெட் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. எங்கள் வீதிகளில் நான் பெரும்பாலும் காண்பது இந்தக் கொடியையும் ஜக்கெட்டையும் மட்டும்தான்.

பெரியகல்லாற்றுக்கும் களுவாஞ்சிகுடிக்கும் இடையில் ஒரு வேலைத்தளத்தில் கொடி பிடித்து நின்ற ஓர் அக்காவோடு பேசினேன். ஐம்பதை ஒட்டிய வயது இருக்கும். அவர் போட்டிருந்த ஜக்கெட் ஒரு பெரிய ஆம்பிளைக்குத் தைத்தது, முழங்கால் வரை தொங்கியது. அதில் குறுக்கே ஓடும் வெள்ளிப்பட்டி பாதி உரிந்து, மீதியில் தார் அப்பிக் கறுத்திருந்தது. காலில் ரப்பர் செருப்பு. அவருக்குப் பின்னால் ஓர் அடி தள்ளிச் சல்லிக் குவியல். வாகனம் ஒன்று நிற்காமல் வந்தால் ஒதுங்குவதற்கு ஒரு பக்கமும் வழியில்லை. பஸ், லொறிதான் பயமாக இருக்கும் என்று நினைத்துக் கேட்டேன். அவர் சொன்னது வேறு.

"பஸ்காரன் நிப்பான் மகன். அவனுக்குப் பின்னால வாற மோட்டார் சைக்கிள்தான் நிக்கமாட்டான். முன்னுக்கு ஏன் நிக்கிறாங்க எண்டு பார்க்காம பக்கத்தால வெட்டிக்கொண்டு நேரா உள்ளுக்கு வந்திருவான். அந்த நேரம் என்ர கொடி அவன்ட கண்ணில படாது. பஸ்தானே மறைச்சிக்கொண்டு நிக்கிது."

கொடியின் குறை முழுவதும் இந்தப் பேச்சுக்குள் இருக்கிறது. முதலாவதாக வருகிற வாகனத்தைத்தான் கொடி மறிக்கும். இரண்டாவதும் மூன்றாவதும் வருகிறவருக்குக் கொடி தெரியாது, முன்னால் நிற்கும் வாகனத்தின் முதுகுதான் தெரியும். வரிசை நீண்டு ஒரு வளைவைத் தாண்டிவிட்டால் கடைசியில் நிற்கும் ஓட்டோவின் முதுகில் யாராவது வந்து இடிக்கிற ஆபத்தும் உண்டு. அதனால்தான் எச்சரிக்கைப் பலகை கொடிக்கு வெகு தூரம் முன்னால் நிற்க வேண்டும். வரிசை நீளும்போது அந்தப் பலகையையும் பின்னுக்குக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

எவ்வளவு தூரம்? கணக்கு எளிது. மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற கார் ஒரு செக்கனில் 19 மீற்றர் ஓடும். ஓட்டுபவர் ஆபத்தைக் கண்டு, விளங்கி, பிரேக்கில் கால் வைப்பதற்கு ஒன்றரைச் செக்கன் பிடித்தால் அதற்குள்ளேயே ஏறத்தாழ 30 மீற்றர் போய்விடும். அதற்குப் பிறகு பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த வீதியில்கூட இன்னும் 25, 30 மீற்றர் வேண்டும். மழை பெய்து மணல் படிந்த வீதியென்றால் அதற்கும் கூட. பலகையைக் குழியில் இருந்து 20 மீற்றரில் வைத்தால் ஓட்டுபவருக்குக் கிடைப்பது ஒரு செக்கன்தான். 200 மீற்றரில் வைத்தால் பத்துச் செக்கன் கிடைக்கும். பலகை ஒன்றுதான், விலையும் ஒன்றுதான், கூடுதலாக வேண்டியது அதைத் தூக்கிக்கொண்டு நடப்பதற்கு ஒரு ஆள்.

வேகம் பாதியானால் மோதலின் சக்தி நாலில் ஒன்றாகக் குறையும். 60இல் வந்து அடிக்கிற வாகனத்துக்கும் 30இல் வந்து அடிக்கிற வாகனத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சாவுக்கும் கை கால் முறிவுக்கும் உள்ள வித்தியாசம். ஆகவே வேலைத்தளத்தை நெருங்க முன்னமே வேகம் குறைந்துவிட வேண்டும். தயவுபண்ணி மெதுவாகப் போங்கள் என்று பலகையில் எழுதுவதோடு விட முடியாது. வீதிக்குக் குறுக்கே தற்காலிக மேடுகளைப் போடலாம், கோன்களை நெருக்கி வைத்து வழியை ஒடுக்கலாம். வழி ஒடுங்கினால் எவருடைய காலும் தானாகவே பிரேக்குக்குப் போகும்.

அடுத்தது, நான் அதிகம் கவலைப்படுகிற விஷயம். கோன்கள் தொடங்கும் இடத்துக்கும் ஆட்கள் வேலை செய்யும் இடத்துக்கும் நடுவில் ஒரு வெறும் இடம் விட வேண்டும். யாராவது தவறிக் கோனைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாலும் ஆளில் படாமல் நிற்பதற்கான இடம் அது. அங்கே ஆள் இருக்கக் கூடாது, சாமான் இருக்கக் கூடாது, சல்லியும் குவிக்கக் கூடாது. எங்கள் ஊரில் என்ன நடக்கிறது? அந்த இடத்தில் ஒரு வேம்போ வாகையோ நின்றால் அதன் நிழலில்தான் தண்ணீர்க் கேனும் சாப்பாட்டுப் பார்சலும் இருக்கும். பத்து மணிக்குத் தேத்தண்ணி குடிக்க எல்லோரும் அங்கேதான் குந்துவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சித்திரை வெயிலில் தாரோடு நிற்கிறவர்கள் நிழல் கண்ட இடத்தில்தான் உட்காருவார்கள். நிழலுக்கு ஒரு தறப்பாளைப் பாதுகாப்பான பக்கத்தில் கட்டிக் கொடுப்பது வேலை செய்விக்கிறவரின் பொறுப்பு.

பாரமான பொருள் என்றேனே, அது அந்த இடத்திலேயே இருக்கிறது. சல்லி ஏற்றி வந்த டிப்பர். வசதியுள்ள நாடுகளில் மோதலைத் தாங்கும் மெத்தை பொருத்திய லொறியை வேலையாட்களுக்கு முன்னால் காவலாக நிறுத்துகிறார்கள். அந்த மெத்தை எங்களுக்கு இப்போதைக்குக் கிடைக்காது, சரி. வாகனங்கள் வருகிற பக்கத்தில், மூடிய பாதைக்குள், ஆட்களுக்குச் சில பத்து மீற்றர் முன்னால் டிப்பரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, முன் சில்லை வேலை நடக்கும் பக்கத்தில் இருந்து விலக்கித் திருப்பி வைப்பதற்கு என்ன செலவு? அடிபட்டு உருண்டாலும் ஆட்கள் மேல் ஏறாது. நிபந்தனை இரண்டுதான். அதற்குள் யாரும் படுத்துத் தூங்கக் கூடாது, அதற்கும் வேலைக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. இப்போது வேலை இல்லாத நேரத்தில் டிப்பர் எங்கேயோ ஒரு ஓரத்தில் நிற்கிறது, வீதிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கும் மனிதருக்கு ஒரு வெற்றுப் பீப்பாதான் காவல். (அதே டிப்பர் பின்னுக்கு எடுக்கும்போது ஆளைச் சாய்த்துவிடும். பின்னுக்கு எடுக்கும்போது வழிகாட்ட ஒருவர் நிற்பதும் கட்டாயம்.)

பாறாங்கல்லையும் குழையையும் பற்றியும் சொல்ல வேண்டும். குழிக்குள் மரக்கொப்பை நட்டு வைப்பதும், வேலை முடிந்து போகும்போது பெரிய கல்லை வீதியில் விட்டுப் போவதும் எங்கள் பக்கத்தில் சர்வசாதாரணம். பகலில் அது எச்சரிக்கை, இரவில் மோட்டார் சைக்கிள்காரருக்கு அதுவே எமன்.

எங்கள் மண்ணுக்கென்றே சில விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று கச்சான் காற்று. அது வீசும் மாதங்களில் லேசான பிளாஸ்ரிக் கோன் பத்து நிமிடம்கூட நிற்காது. காலையில் வரிசையாக வைத்தவை பகலில் வாய்க்காலுக்குள் கிடக்கும். அடியில் மண் மூட்டை வைத்தால் நிற்கும். இரண்டாவது வெயிலின் திசை. ஏ4 வீதி கடலோரமாக வடக்கு தெற்காக ஓடுவதால் அங்கே சூரியன் அவ்வளவாகக் கண்ணில் குத்தாது. ஆனால் காரைதீவு அம்பாறை வீதியும் செங்கலடியில் இருந்து பதுளைக்குப் போகும் வீதியும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. பின்னேரம் ஐந்து மணிக்கு மேற்கே போகிற ஓட்டுநருக்கு முன்கண்ணாடி முழுக்க வெளிச்சம்தான் தெரியும். அந்த நேரத்தில் கொடி பிடித்து நிற்பவர் என்ன நிறத்தில் உடுத்தியிருந்தாலும் ஒரு கறுப்பு நிழல்தான். அந்த வீதிகளில் பின்னேரம் நாலரைக்கு மேல் போக்குவரத்துப் பக்கத்து வேலையை நிறுத்தினால் என்ன குறைந்துவிடும்?

ஜக்கெட் விஷயத்தில் ஒரு தப்பான எண்ணம் பரவியிருக்கிறது. பளிச்சென்ற மஞ்சளும் செம்மஞ்சளும் பகலுக்கு உரியவை, சூரிய ஒளி பட்டால்தான் அப்படி மின்னும். இரவில் உதவுவது அந்த வெள்ளிப்பட்டி மட்டும்தான். ஹெட்லைட் வெளிச்சத்தை வந்த வழியே ஓட்டுநரின் கண்ணுக்குத் திருப்பி அனுப்பும் பொருள் அது. அதில் தாரும் தூசியும் அப்பினால் பழைய துணிக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. விடிய முன் இருட்டில் வீதி கூட்டும் துப்புரவுத் தொழிலாளர்களுக்கு இது உயிர் விஷயம். கொழும்பில் இருந்து இரவு முழுக்க ஓடி வந்த பஸ்கள் களைத்த ஓட்டுநர்களோடு எங்கள் ஊர்களுக்குள் நுழைவதும் அதே நேரத்தில்தான்.

வாகனங்களைத் தடுக்கக் கொங்கிறீற் சுவர் வைத்த இடத்திலேகூட உயிர் போயிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் பால்டிமோர் நகரைச் சுற்றி ஓடும் நெடுஞ்சாலையில் 2023 மார்ச் 22ஆம் திகதி, மணிக்கு 100 மைலுக்கும் மேலான வேகத்தில் வந்த இரண்டு கார்கள் ஒன்றோடொன்று உரசின. அவற்றில் ஒன்று, வேலைத்தளத்துக்குள் வாகனங்கள் போய்வர விட்டிருந்த இடைவெளியால் உள்ளே புகுந்தது. வேலை செய்துகொண்டிருந்த 6 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே மேரிலாந்து மாநிலம் வீதிப் பணியாளர் பாதுகாப்புக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்து, வேலைத்தளத்தில் வேகமாக ஓடினால் வேகத்துக்கு ஏற்ப அபராதம் ஏறுகிற முறையை வைத்தது. சுவரில் விட்ட ஓர் இடைவெளி ஆறு உயிரை எடுத்தது. எங்களிடம் சுவரே இல்லை.

அதே அமெரிக்காவில் வேலைத்தள விபத்துகளில் இறப்பவர்களில் ஐந்தில் நாலு பேரளவில் வாகனங்களில் வருகிறவர்கள். கொந்தராத்துக்காரருக்கு மட்டுமான பிரச்சினை இது என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கோன் வரிசை சரியாக இல்லையென்றால் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகிற நீங்களும் நானும்தான் அந்தக் குழிக்குள் போவோம்.

இனி காசு. குறைந்த விலை கேட்டவருக்குத்தான் வேலை போகும். பாதுகாப்பு என்பது ஒட்டுமொத்தச் செலவுக்குள் கரைந்து கிடந்தால் அதை ஒழுங்காகச் செய்ய நினைக்கிறவர் விலை கூடிப் போட்டியில் தோற்பார். கோனையும் பலகையையும் வெட்டுகிறவர் வெல்வார். பலகை இத்தனை, கோன் இத்தனை, கொடி பிடிக்கப் பயிற்சி பெற்ற ஆள் இத்தனை நாள் என்று தனித்தனியாக எழுதி, அளந்து, அதற்கென்று காசு கொடுத்தால்தான் இந்த நிலை மாறும். வைக்காத நாளுக்குக் காசும் இல்லை.

கொடி பிடிக்கும் வேலையை வேறு வேலை செய்ய முடியாதவரிடம் கொடுக்கிற வழக்கமும் போக வேண்டும். முழங்கால் வலிக்கிறது, கல் தூக்க ஏலாது, சரி, நீ கொடியைப் பிடி. இப்படித்தான் நடக்கிறது. உண்மையில் அந்த இடத்தில் மிகவும் விழிப்பான ஆள் நிற்க வேண்டும். நிழலில் நிற்கக் கூடாது, வாகனம் ஓடும் பாதைக்குள் நிற்கக் கூடாது, ஓடித் தப்ப ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும், மறு முனையில் நிற்பவரோடு பேச வழி இருக்க வேண்டும். இதெல்லாம் அரை நாளில் சொல்லிக் கொடுக்கக் கூடியவை.

வேலையில் காயப்பட்டாலோ இறந்தாலோ நட்டஈடு கேட்பதற்கு 1934ஆம் ஆண்டில் இருந்தே இந்த நாட்டில் சட்டம் இருக்கிறது. ஆனால் நாள் சம்பளத்துக்கு வந்து, எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாமல், பின்னேரம் கையில் காசு வாங்கிப் போகிறவரின் வீட்டார் என்னத்தைக் காட்டி அதைக் கேட்பார்கள்? வேலைக்கு எடுக்கிற அன்றே பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தொழிலாளர்களே, எழுதச் சொல்லி நீங்களும் கேளுங்கள்.

2025 மே மாதம் பிரதேச சபைகளுக்கு உறுப்பினர்களைத் தெரிவு செய்தோம். உங்கள் வட்டாரத்து உறுப்பினரைத் தெரியும்தானே. உங்கள் தெருவுக்குக் கொங்கிறீற் போட அடுத்த மதிப்பீடு தயாராகும்போது, போக்குவரத்துப் பாதுகாப்புக்கு எவ்வளவு எழுதியிருக்கிறார்கள் என்று அவரிடம் கேளுங்கள். அந்த இடம் காலியாக இருந்தால் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், நானும் பகிர்கிறேன்.