யூனிகோட் முன்மொழிவுக்குக் கட்டணம் இல்லை
கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் தனிக் குறியெண் தரும் உலகத் தரம்தான் யூனிகோட். 'காசு கட்டிய கம்பெனிகள்தான் யூனிகோடில் எழுத்து சேர்க்க முடியும், மொழியியல் படித்தவர்களுக்கு அங்கே வேலையில்லை' என்று ஒரு கருத்து உண்டு. பாதி சரி: வாக்களிப்பது கட்டணம் கட்டும் உறுப்பினர்கள். ஆனால் புது எழுத்துக்கான முன்மொழிவை யாரும் அனுப்பலாம், கட்டணம் கிடையாது.

கேட்பது ஆதாரம்தான்: குறி புழங்கிய பக்கத்தின் படம், அது குறிக்கும் ஒலி அல்லது எண், இருக்கிற எழுத்துகளைச் சேர்த்து அதை எழுத முடியாது என்ற விளக்கம். பலர் இடறுவது இந்தக் கடைசி விளக்கத்தில். 'க்ஷ' போன்ற கூட்டெழுத்துக்குத் தனிக் குறியெண் கேட்டால் தேறாது; க், ஷ இரண்டையும் சேர்த்தே அதை எழுதிவிடலாம். ஆனால் 2019-இல் யூனிகோடின் 12.0 பதிப்பில், முந்திரி, காணி, மா என்ற பழைய பின்னங்களின் குறிகள் உட்பட 51 பழந்தமிழ்க் குறிகள் ஏறின. பழைய கணக்கு எழுதிய ஓலைகளை வைத்திருப்பவர்கள் அவற்றில் இப்படிக் குறிகள் உள்ளனவா என்று கவனிக்கலாம்.

சரிபார்க்க, யூனிகோட் தளத்தின் ஆண்டுவாரி ஆவணப் பதிவேட்டில் தமிழ் முன்மொழிவுகளைத் திறந்து, எழுதியவர் பெயரைப் பாருங்கள். தனிநபர்கள் எழுதியவை கிடைக்கும்.