அந்தக் கோட்டில் நான் போட்ட 85

நான்கு வருடங்களுக்கு முன் ஒருநாள் காலையில் எழுந்தபோது என் இடது காது கேட்கவில்லை. சளி அடைப்பாக இருக்கும் என்று இரண்டு நாள் சும்மா இருந்துவிட்டேன், அது தப்பு. அப்புறம் ஓடினேன். உள்காது நரம்புப் பாதிப்பு என்றார்கள், ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள், போன கேட்கும்திறன் திரும்பவில்லை. அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. போன மாதம் மறுபரிசோதனைக்குப் போனபோது ஏதோ ஆய்வுக்காக என்று ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். அந்தப் படிவம் இன்னும் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருக்கிறது.

ஐந்தே கேள்விகள். நடமாட்டம், குளிப்பது உடுத்துவது போன்ற சொந்த வேலைகள், அன்றாடக் காரியங்கள், வலி, கவலை அல்லது மனச்சோர்வு. ஐந்துக்கும் "பிரச்சினை எதுவும் இல்லை" என்று டிக் அடித்தேன், உண்மையும் அதுதான். அடுத்த பக்கத்தில் தெர்மாமீட்டர் மாதிரி நெட்டுக்குத்தாக ஒரு கோடு. கீழே 0, மேலே 100. இன்றைக்கு உங்கள் உடல்நிலை எங்கே இருக்கிறது என்று குறிக்க வேண்டும். 85-இல் குறித்தேன்.

கூட வந்த நண்பன் எட்டிப் பார்த்துவிட்டு, "உனக்கா எண்பத்தஞ்சு? ஒரு காதே போச்சு, நானா இருந்தா ஐம்பதுகூடப் போட மாட்டேன்டா" என்றான்.

ஆக, ஒரே காதுக்கு மூன்று மதிப்பெண். நான் 85 என்கிறேன். நண்பன் 50 என்கிறான். படிவமோ, ஐந்து கேள்விக்கும் பிரச்சினை இல்லை என்றால் இவர் முழு நலத்தோடு இருக்கிறார், இந்தா பிடி முழு மதிப்பெண் என்கிறது. ஏனென்றால் அதில் காதைப் பற்றிக் கேள்வியே கிடையாது! கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவான இன்னொரு அளவுகோலில் பார்வை, கேட்கும்திறன், பேச்சு என்று எட்டு விஷயங்கள் உண்டு. அதில் நான் தேறியிருக்க மாட்டேன். எந்தக் கேள்வித்தாள் கைக்கு வருகிறதோ அதைப் பொறுத்து நான் நோயாளியாகவோ ஆரோக்கியசாலியாகவோ ஆகிவிடுகிறேன்.

இந்தப் படிவத்தின் பெயர் ஈக்யூ-5டி. 1987-இல் தொடங்கிய யூரோகால் என்ற ஆய்வுக்குழு உருவாக்கியது. இப்போதைய பதிப்பில் ஐந்து கேள்விக்கும் ஐந்தைந்து பதில்கள், எல்லாச் சேர்க்கைகளையும் எண்ணினால் 3125 உடல்நிலைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது. முழு நலம் என்றால் 1, சாவு என்றால் 0. சரி, நடுவில் இருக்கும் மதிப்புகளைப் போட்டது யார்? அந்த நிலையில் வாழ்பவர்கள் என்றுதான் நானும் நினைத்தேன். பெரும்பாலும் அப்படி இல்லை. பொதுமக்களைக் கூப்பிட்டு, நீங்கள் இப்படி ஆகிவிட்டதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள் என்று கேட்கிறார்கள். இந்த நிலையில் பத்து வருடம் வாழ்வதற்குப் பதில் முழு நலத்தோடு எத்தனை வருடம் வாழ்ந்தால் போதும் என்பீர்கள்? பிரிட்டனில் 1993-இல் ஏறத்தாழ 3000 பேரிடம் இப்படிக் கேட்டு, அன்றைய பதிப்புக்கு ஒரு விலைப்பட்டியல் தயாரித்தார்கள். அதில் ஐந்திலும் படுமோசம் என்ற நிலைக்கு விழுந்த மதிப்பு மைனஸ் 0.594. சாவைவிடக் கீழே என்று அர்த்தம்.

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை. ஆயுளை இந்த மதிப்பால் பெருக்கி, தரம் சேர்த்த ஆயுள் ஆண்டு என்று ஒன்றைக் கணக்கிடுகிறார்கள். 0.5 மதிப்புள்ள உடல்நிலையில் பத்து வருடம் என்றால் ஐந்து வருடம்தான் கணக்கில் சேரும். எந்த மருந்துக்கு அரசுப் பணம் என்று முடிவு செய்யும்போது பிரிட்டனின் நைஸ் அமைப்பு இந்தக் கணக்கைப் பார்க்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உயிரைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்ற வாதத்தால், அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் இப்படியொரு கணக்கை வெட்டுக்கோடாக வைப்பதற்குத் தடை போட்டது. ஸ்வீடனின் மருந்து மதிப்பீட்டு அமைப்போ, அந்த நிலையில் வாழ்பவர்கள் சொல்லும் மதிப்பையே விரும்புகிறது. வரி கட்டுபவர்கள்தான் மதிப்புப் போட வேண்டும் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. ஆனால் என் நண்பன் போட்ட 50-இல் என் காது எங்கே இருக்கிறது? அதில் இருப்பது அவனுடைய பயம் மட்டும்தான்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வருடம் இதே படிவம் வந்திருந்தால் நானும் 40-தான் போட்டிருப்பேன். கூட்டத்தில் யார் பேசுகிறார்கள் என்று தெரியாது, சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று தெரியாது, ரோட்டைக் கடக்கவே பயம். இன்றைக்கும் அதேதான், காது ஒரு டெசிபெல்கூட முன்னேறவில்லை. ஆனால் எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று கற்றுக்கொண்டேன், "இந்தப் பக்கம் வாங்க" என்று கூச்சமில்லாமல் சொல்லக் கற்றுக்கொண்டேன், எது முக்கியம் என்ற கணக்கே உள்ளுக்குள் மாறிவிட்டது. உடம்பு அப்படியே இருக்க, அதை அளக்கும் கோல் மாறிப்போவதற்கு ஆய்வாளர்கள் தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். மறுமொழிப் பெயர்ச்சி என்று சொல்லலாம்.

இது என் ஒருவனுடைய கதை இல்லை. 1999-இல் ஆல்பிரெக்ட், டெவ்லீகர் என்ற இரு ஆய்வாளர்கள் உடல் குறைபாடுள்ள 153 பேரிடம் பேசினார்கள். கடுமையான, நடுத்தரமான குறைபாடு உள்ளவர்களிலேயே 54.3 சதவீதம் பேர் தங்கள் வாழ்க்கை நன்றாக அல்லது மிக நன்றாக இருக்கிறது என்றார்கள். 2011-இல் வந்த ஓர் ஆய்வு இதற்கும் மேலே போனது. உடல் முழுக்கச் செயலிழந்து, பெரும்பாலும் கண்ணசைவால் மட்டும் பேச முடிகிறவர்கள். கணக்கில் வந்த 65 பேரில் 47 பேர் மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்றார்கள். ஆனால் இந்த எண்ணை வைத்து ரொம்பவும் ஆடக் கூடாது. பிரான்ஸில் உள்ள ஒரு நோயாளிகள் சங்கத்தின் 168 உறுப்பினர்களுக்கு அனுப்பிய கேள்விகள் அவை. பதில் அனுப்பியவர்களே 91 பேர்தான், அதிலும் 26 பேரின் பதில்கள் முழுமையாக இல்லை. சோர்ந்து போயிருந்தவர்கள் பதில் எழுதாமலே விட்டிருக்கலாம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பல மேடைகளில் கேட்டு எரிச்சலாகிவிட்டது. லாட்டரியில் ஜெயித்தவனும் விபத்தில் முடங்கியவனும் கடைசியில் ஒரே அளவு சந்தோஷமாக இருக்கிறார்கள் என்று 1978-ஆம் ஆண்டு ஆய்வை மேற்கோள் காட்டுவார்கள். அந்த ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. 0 முதல் 5 வரையான அளவில் லாட்டரிக்காரர்கள் 4.00, சாதாரண ஆட்கள் 3.82, விபத்தில் முடங்கியவர்கள் 2.96. கற்பனை செய்கிற அளவுக்குக் கீழே போகவில்லை என்பது உண்மை. கீழே போனதும் உண்மைதான்.

சரி, இதுவரை என் கட்சிக்குச் சாதகமாகவே பேசிவிட்டேன். பட்டவனைக் கேள், பக்கத்தில் நிற்பவனைக் கேட்காதே என்பது என் கட்சி. அதைக் கலக்கியது இன்னொரு ஆய்வு. 1943 வங்கப் பஞ்சத்துக்கு அடுத்த ஆண்டு, கல்கத்தாவுக்குப் பக்கத்தில் சிங்கூர் என்ற இடத்தில் ஒரு சுகாதாரக் கணக்கெடுப்பு. மனைவியை இழந்த ஆண்களில் 48.5 சதவீதம் பேர் நோய் என்றோ உடம்பு சரியில்லை என்றோ சொன்னார்கள். கணவனை இழந்த பெண்களில் அப்படிச் சொன்னவர்கள் 2.5 சதவீதம். நோய் என்று சொல்லும்படி இல்லை, ஆனாலும் உடம்பு சுமார்தான் என்ற பதிலை மட்டும் தனியாக எடுத்தால் ஆண்கள் 45.6 சதவீதம், பெண்கள் பூஜ்யம். ஒருவர்கூட இல்லை! அந்தக் காலத்தில், அந்த ஊரில், கைம்பெண்ணாக இருந்தவர்களின் உடம்பு ஆண்களைவிட இருபது மடங்கு தேறியிருந்தது என்று யாராவது நம்புவார்களா?

அமர்த்தியா சென் பல இடங்களில் எடுத்துக்காட்டும் கணக்கு இது. இதே கோணத்தில் 2002-இல் இன்னொன்றையும் எழுதினார். இந்திய மாநிலங்களில் அதிக ஆயுள் உள்ள கேரளத்தில்தான் நோய் இருப்பதாகச் சொல்பவர்களும் அதிகம். ஆயுள் குறைந்த பீகாரில் அப்படிச் சொல்பவர்கள் மிகவும் குறைவு. அமெரிக்காவோடு ஒப்பிட்டால் அங்கே கேரளத்தையும்விட அதிகம். படிப்பும் மருத்துவ வசதியும் உள்ள இடத்தில், இது நோய், இதைச் சொல்லலாம், சொன்னால் ஏதாவது நடக்கும் என்று தெரிகிறது. அதெல்லாம் இல்லாத இடத்தில் முதுகுவலி என்பது வயதின் இயல்பு, இருமல் என்பது பருவத்தின் இயல்பு.

எனக்கு உறைத்தது இதுதான். நான் பழகிக்கொண்டு 85 போட்டேன். அந்தப் பெண்களும் பழகிப்போய்த்தான் பூஜ்யம் போட்டார்கள். காகிதத்தில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஆனால் என் பழக்கத்துக்குப் பின்னால் சிகிச்சை இருந்தது, பேச்சுக் கேட்கும் ஆட்கள் இருந்தார்கள், எனக்கு 40 போடும் உரிமையும் இருந்தது. அவர்களுக்கு அந்த 40-ஐப் போடவே யாரும் இடம் கொடுத்திருக்க மாட்டார்கள். எங்கே புகார் அதிகமோ அங்கே ஆஸ்பத்திரி என்று ஓர் அரசாங்கம் திட்டம் போட்டால், வாய் திறந்து சொல்லத் தெரிந்தவனுக்கே மறுபடியும் போய்ச் சேரும்.

நாடுகளை ஒப்பிடும் பட்டியல்களைப் பார்க்கும்போது இப்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஜப்பானியர்கள் அமெரிக்கர்களைவிட ஐந்தாறு வருடம் அதிகமாக வாழ்கிறார்கள். ஆனால் "உடல்நிலை நன்று" என்று சொல்பவர்கள் பட்டியலில் ஜப்பானும் கொரியாவும் பல வருடங்களாக அடியில்தான் கிடக்கின்றன. அமெரிக்கர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் நன்று என்கிறார்கள். இதில் பாதிக் குற்றவாளி கேள்வித்தாளே. அமெரிக்கப் படிவத்தில் மிகச்சிறப்பு, மிக நன்று, நன்று, சுமார், மோசம் என்று ஐந்து பதில்கள். அதாவது மூன்று நல்ல கதவு, இரண்டு கெட்ட கதவு. பல நாடுகளின் படிவத்தில் இரண்டு நல்லது, நடுவில் ஒன்று, இரண்டு கெட்டது. எந்தக் கதவு அகலமாக இருக்கிறதோ அதன் வழியாகத்தான் கூட்டம் போகும். ஐரோப்பாவுக்குள்ளேயே டென்மார்க்காரர்கள் தங்கள் உடல்நிலையைத் தாராளமாக மதிப்பிடுகிறார்கள், ஜெர்மானியர்கள் கஞ்சத்தனமாக. நோய் விவரங்களை வைத்துச் சரிசெய்து பார்த்தால் வித்தியாசம் நன்றாகவே சுருங்கிவிடுகிறது.

சொற்கள் செய்யும் வேலை தனி. தமிழில் "எப்படி இருக்கே" என்று கேட்டால் "பரவாயில்லை" என்கிறோம். போன வாரம் காய்ச்சலில் கிடந்தவன் சொன்னால் அது தேறிவிட்டேன் என்று அர்த்தம். நல்லா இருந்தவன் இழுத்துச் சொன்னால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். "சுமார்" என்பதும் கிட்டத்தட்ட அதே இடத்தில் நிற்கும் சொல்தான், ஆனால் அது ஒரு படி கீழே இறங்கி நிற்கிறது. இந்த இரண்டில் எதை நடுக்கட்டத்தில் போடுகிறோம் என்பதிலேயே ஒரு சமூகத்தின் ஆரோக்கியம் ஏறி இறங்கிவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 1991-இல் தொடங்கிய வாழ்க்கைத்தர ஆய்வில் இதை யோசித்திருந்தார்கள் என்பது எனக்கு ஆச்சரியமான செய்தி. ஓரிடத்தில் எழுதிய கேள்வியை மற்ற மொழிகளுக்கு மாற்றுவதை விட்டுவிட்டு, 15 மையங்களில் ஒரே நேரத்தில் கேள்விகளை உருவாக்கினார்கள். டோக்கியோ, ஹராரே, பாங்காக், பனாமா வரிசையில் அன்றைய மதராஸும் ஒரு மையம். 10 சென்டிமீட்டர் கோடு ஒன்றைக் கொடுத்து, இந்தச் சொல் உங்கள் மொழியில் கோட்டின் எந்த இடத்தில் விழும் என்று மக்களையே குறிக்கச் சொல்லி, கால், அரை, முக்கால் இடங்களுக்குச் சொற்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சோதித்த 236 கேள்விகளில் 100 தேறின, பிறகு அதிலிருந்து 26 கேள்விகள் கொண்ட சுருக்கப் பதிப்பு வந்தது. மெனக்கெட்ட வேலை.

அப்படியானால் மனிதன் தன் உடம்பைப் பற்றிச் சொல்வதைத் தூக்கிப் போட்டுவிட்டு ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பலாமா? அதுவும் முடியாது. கனடாவின் மானிடோபாவில் முதியவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 1982-இல் வெளிவந்தது. வயது, பால், மருத்துவ ஆவணங்கள் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், உடல்நிலை மோசம் என்று தாங்களே சொன்னவர்கள் இறக்கும் வாய்ப்பு, மிகச்சிறப்பு என்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. பின்னால் 1997-இல் இப்படிப்பட்ட 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் பெரும்பாலானவற்றில் அதே திசைதான். மருத்துவர் கோப்பில் இல்லாத ஏதோ ஒன்று அந்த ஒற்றை வார்த்தையில் இருக்கிறது.

நியூயார்க்கில் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்ட 766 பேரிடம் நடந்த ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. ஒரு பகுதியினர் குமட்டல், வலி, மூச்சுத்திணறல் போன்ற தொந்தரவுகளைக் கணினியில் தாங்களே பதிந்துவந்தார்கள். மோசமானால் நர்ஸுக்குத் தகவல் போகும். அவ்வளவுதான். 2017-இல் முடிவு வந்தபோது, அப்படிப் பதிந்தவர்களில் பாதிப் பேர் 31.2 மாதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது 26 மாதம். புது மருந்து எதுவும் இல்லாமல், கேட்டதிலும் கேட்டதற்கு ஒருவர் ஓடி வந்ததிலும் ஐந்து மாதம்.

அதனால் என் நிலைப்பாடு கொஞ்சம் கோணலாகத்தான் நிற்கிறது. ஒரு ஆளை அவருடைய நேற்றோடு ஒப்பிட அவர் சொல்வதைப் போல நல்ல கருவி இல்லை. ஒரு கூட்டத்தை இன்னொரு கூட்டத்தோடு ஒப்பிட அதைத் தனியாக நம்பக் கூடாது, யார் எதற்குப் பழகிப்போயிருக்கிறார்கள் என்று தோண்டாமல் பட்டியல் போடக் கூடாது. நன்றாக இருப்பவனின் கற்பனையை வைத்து முடியாதவனின் வருடங்களுக்கு விலை போடுவதை மட்டும் என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அதே மாதிரி ஒரு கோட்டைக் காகிதத்தில் வரைந்து நண்பனிடம் நீட்டினேன். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, இரண்டு காதும் பாம்புக் காது. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு 70-இல் குறித்தான்.

"ஏன்டா?"

"என்னன்னே தெரியலடா, தூக்கமே சரியில்லை" என்றான். அவன் என் இடப்பக்கம் உட்கார்ந்திருந்தான், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.